டெம்பா பவுமாவ ரசிக்கணும்னா எங்கேருந்து ஆரம்பிக்கணும்

பவுமான்னு தேடி அஞ்சு நிமிஷ ஹைலைட்ஸ் பாத்துட்டு "இவர்கிட்ட அப்டி என்ன இருக்கு"ன்னு கேக்குறவங்க நெறைய பேர். அவங்க மேல தப்பே இல்ல. ஹைலைட்ஸ்ல வர்றது ஃபோரும் சிக்ஸும் விக்கெட்டும் தான், இவரோட ஆட்டம் இருக்குறதோ அதுக்கு நடுவுல, விட்ட பந்துல, மெதுவா தட்டிட்டு ஓடுன சிங்கிள்ல, எல்லாரும் வரிசையா அவுட்டாகி போறப்ப ஒரு பக்கம் அசையாம நின்ன நேரத்துல. தென் ஆப்பிரிக்கா கேப்டன பத்தி என்ன பைத்தியம் உனக்குன்னு என்கிட்ட கேட்ட ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லிட்டு இருந்தத இங்க மொத்தமா எழுதிடுறேன்.

மொதல்ல 2025 ஜூன், லார்ட்ஸ், டெஸ்ட் சாம்பியன்ஷிப் ஃபைனல். மேட்ச்ச ஆரம்பத்துலேருந்து பாக்க நேரம் இல்லன்னா மூணாவது நாள் டீ பிரேக்லேருந்து பாருங்க போதும். அதுக்கு முன்னாடி ஸ்கோர்கார்ட திறந்து ரெண்டு நிமிஷம் படிச்சுக்கோங்க. ஆஸ்திரேலியா 212, தென் ஆப்பிரிக்கா 138, கம்மின்ஸ் 28 ரன் குடுத்து 6 விக்கெட். மொத ரெண்டு நாள்ல மட்டும் 28 விக்கெட் விழுந்துச்சு. அப்டிப்பட்ட மேட்ச்ல நாலாவது இன்னிங்ஸ்ல டார்கெட் 282. பவுமா உள்ள வரும்போது 70க்கு 2. ரெண்டு ரன்ல இருக்கும்போதே ஸ்லிப்ல ஸ்மித் கைக்கு ஒரு கேட்ச் போச்சு, புடிக்க முடியல, ஸ்மித்துக்கு விரலே விலகி வெளிய போக வேண்டியதாயிடுச்சு. அடுத்த கொஞ்ச நேரத்துல பவுமாவுக்கு தொடை பின்னாடி ஹாம்ஸ்ட்ரிங் புடிச்சுகிச்சு.

டீ நேரத்துல ஸ்கோர் 94க்கு 2. இந்த கால வச்சிகிட்டு இவர் ஆடணுமா, ரிட்டையர்டு ஹர்ட்டா அனுப்பிட்டு அடுத்த ஆள இறக்கலாமான்னு டிரெஸ்ஸிங் ரூம்ல பேச்சே நடந்துச்சு, பேட்டிங் கோச் ஆஷ்வெல் பிரின்ஸ் அன்னிக்கு சாயங்காலமே இத வெளிய சொன்னாரு. நான் ஆடுறேன்னு பவுமா தான் உறுதியா நின்னாரு. இனிமே தான் நீங்க பாக்க வேண்டிய பகுதி. கண்ண பேட்ல வைக்காதீங்க, கால்ல வைங்க. பந்த தட்டுன அடுத்த நொடி அந்த கால் தரையில எப்டி படுது, மறுமுனை போயி திரும்பும்போது எப்டி நொண்டுறாரு, அடுத்த பந்துக்கு முன்னாடி எப்டி ஒண்ணுமே நடக்காத மாதிரி கார்டு எடுத்து நிக்குறாரு, இத ஒரு மணி நேரம் விடாம பாருங்க. ஒரு பக்கம் ஸ்டார்க், கம்மின்ஸ், ஹேசில்வுட், லயன் மாறி மாறி போடுறாங்க, இன்னொரு பக்கம் அவங்க ஓப்பனர் மார்க்ரம் அழகா ஆடிட்டு இருக்காரு, அந்த மார்க்ரமுக்கு துணையா இவர் ஒத்த கால்ல நின்ன மாதிரி நின்னு அன்னிக்கு ஆட்டம் முடியும்போது 213க்கு 2. டீக்கு அப்பறம் ஒரு விக்கெட் கூட விழல.

நாலாவது நாள் காலையில பவுமா ஒரே ஒரு ரன் சேத்து 66ல அவுட். அங்கயே மூடிட்டு போயிடாதீங்க. ஜெயிக்க இன்னும் 65 வேணும், இவங்க டீம பத்தி தெரிஞ்ச யாருக்கும் அந்த 65 எவ்ளோ பெரிசுன்னு தெரியும், 1998ல டாக்கால வாங்குன ஐசிசி கோப்பைக்கு அப்பறம் ஒண்ணு கூட கைக்கு வராத டீம் அது. மார்க்ரம் 136 அடிச்சு இன்னும் 6 ரன் இருக்கும்போது போனாரு, வெர்ரெய்ன் கடைசி ரன் அடிச்சாரு. மேன் ஆஃப் த மேட்ச் மார்க்ரமுக்கு, அது நூத்துக்கு நூறு சரி. பவுமாவ தூக்கி வைக்கிறதுக்காக மார்க்ரம இறக்காதீங்க, அந்த 147 ரன் பார்ட்னர்ஷிப்ல ரெண்டு பேரும் இல்லாம எதுவும் இல்ல.

இத பாத்து மனசுல ஏறிடுச்சுன்னா அடுத்து பின்னாடி போங்க. நெறைய பேர் இந்த எடத்த விட்டுடுவாங்க, எனக்கு கேட்டா இது தான் முக்கியம். 2016 ஜனவரில கேப்டவுன்ல இங்கிலாந்துக்கு எதிரா நாட் அவுட் 102, தென் ஆப்பிரிக்காவுக்காக டெஸ்ட்ல சதம் அடிச்ச மொத கறுப்பின ஆப்பிரிக்க பேட்ஸ்மேன். அடுத்த சதம் எப்பன்னு பாருங்க. 2023 மார்ச். ஏழு வருஷம். நடுவுல இருக்குற ஸ்கோர்கார்டுகள ஒண்ணொண்ணா திறங்க, சராசரிய பாக்காதீங்க, விக்கெட் எப்பெப்ப விழுந்துச்சுன்னு கீழ குடுத்திருப்பாங்கல்ல, அந்த வரிய மட்டும் பாருங்க. இவர் எத்தன ரன்னுக்கு எத்தன விக்கெட் போன நெலமைல உள்ள வந்தாரு, எத்தன பந்து ஆடுனாரு, அந்த இன்னிங்ஸ்ல மத்தவங்க எவ்ளோ அடிச்சாங்க. ஒரு பேட்ஸ்மேன் எவ்ளோ கெட்டியான ஆளுன்னு தெரிஞ்சுக்க எனக்கு தெரிஞ்சு இத விட நல்ல வழி கெடையாது, பவுமாவுக்கு மட்டும் இல்ல யாருக்கு வேணா இப்டி பாக்கலாம்.

அந்த ஏழு வருஷத்துல அவர் கேட்ட பேச்சு கொஞ்சமா. தென் ஆப்பிரிக்கால நிறவெறி ஆட்சி காலத்துல கறுப்பின மக்களுக்கு அந்த டீம்ல எடமே கெடையாது, அதனால தான் 1970லேருந்து 1991 வரைக்கும் உலகம் அவங்களோட கிரிக்கெட் ஆடல. அந்த பழைய அநியாயத்த சரி பண்ண டீம்ல கறுப்பின ஆளுங்க இத்தன பேர் இருக்கணும்னு ஒரு இலக்கு வச்சாங்க. அத புடிச்சுகிட்டு பவுமா எப்ப அவுட்டானாலும் "கோட்டால வந்தவரு". 2021ல வொயிட் பால் கேப்டன், அதாவது ஒரு நாள், டி20 ரெண்டுக்கும் கேப்டன் ஆனப்பவும் அதே பேச்சு. 2022 செப்டம்பர்ல அவங்க நாட்டோட எஸ்ஏ20 லீக் ஏலத்துல நாட்டோட டி20 கேப்டனையே யாரும் வாங்கல. ரெண்டு மாசத்துல அடிலெய்டுல நெதர்லாந்துகிட்ட தோத்து டி20 உலகக்கோப்பைய விட்டு வெளிய. வேற ஒருத்தரா இருந்தா அதோட முடிஞ்சிருக்கும். 2023 பிப்ரவரில டி20 கேப்டன் பதவிய விட்டுட்டு டெஸ்ட் கேப்டன் பதவிய வாங்குறாரு, மொத டெஸ்ட்ல ரெண்டு இன்னிங்ஸ்லயும் டக், அடுத்த டெஸ்ட்ல ஜோகன்னஸ்பர்க்ல 172. அது தான் அந்த ரெண்டாவது சதம்.

வீட்ல கிரிக்கெட் ஆடுற புள்ளைங்க இருந்தா இத கண்டிப்பா சொல்லுங்க. பவுமா பொறந்து வளந்தது கேப்டவுன்ல லாங்கான்னு ஒரு கறுப்பின மக்கள் குடியிருப்பு. அங்க தெருவுல தான் கிரிக்கெட். தார் ஒழுங்கா போடாத பக்கம் பந்து கன்னாபின்னான்னு எகிறும், அதுக்கு இவங்க வச்ச பேரு கராச்சி. நல்லா வழவழன்னு இருந்த எடத்துக்கு பேரு லார்ட்ஸ். அந்த தெரு லார்ட்ஸ் தான் இவருக்கு ரொம்ப புடிச்ச எடமாம். நம்ம ஊர் தெருவுல ஆடுன எவனுக்கும் இத கேட்டா உள்ள என்னமோ பண்ணும். டெம்பாங்குற பேருக்கு அவங்க மொழில நம்பிக்கைன்னு அர்த்தம்.

இப்ப வாக்குவாதம். பவுமா ஃபேன்னு சொன்னா ரெண்டு கேள்வி கட்டாயம் வரும். ஒண்ணு, "டி20ல என்ன கிழிச்சாரு". அத ஒத்துக்கோங்க, சும்மா முட்டு குடுக்காதீங்க, டி20 அவரோட எடம் இல்ல. ரெண்டாவது, "அந்த சாம்பியன்ஷிப் சுத்துல ஆஸ்திரேலியாவோடயும் இங்கிலாந்தோடயும் ஆடாம ஈஸியா ஃபைனல் போனாங்க". ஆடலங்குறது உண்மை. ஆனா ஃபைனல்ல எதிர்ல இருந்தது அதே ஆஸ்திரேலியா தானே, 74 ரன் பின்னாடி இருந்து தானே ஜெயிச்சாங்க. அதோட கேப்டனா மொத 12 டெஸ்ட்ல 11 ஜெயிப்பு, ஒரு டிரா, தோல்வி இல்ல. இந்த நம்பர சொல்லிட்டு விட்டுடுங்க, அதுக்கு மேல கத்துறதுல ஒண்ணும் இல்ல. உயரத்த வச்சு கேலி பண்றவங்களோட மட்டும் நான் பேசவே மாட்டேன், நீங்களும் பேசாதீங்க.

நம்ம ஆளுங்களுக்கு ஒரு தனி சங்கடம் இருக்கு, 2025 நவம்பர்ல இவர் இங்க வந்து இந்தியாவையே 2-0ன்னு தோக்கடிச்சுட்டு போயிட்டாரு. 25 வருஷத்துக்கு அப்பறம் தென் ஆப்பிரிக்கா இந்தியால ஜெயிச்ச டெஸ்ட் சீரிஸ், கவுகாத்தில 408 ரன் வித்தியாசம், பாக்கவே கஷ்டமா இருந்துச்சு. நம்ம டீமுக்கு மனசு வலிக்கிறது ஒரு பக்கம், எதிர்ல இருக்குற ஆள மதிக்கிறது இன்னொரு பக்கம், ரெண்டுக்கும் எடம் இருக்கு. 1999 ஜனவரில சேப்பாக்கத்துல பாகிஸ்தான் 12 ரன்ல ஜெயிச்சப்ப அந்த கூட்டம் எழுந்து நின்னு கைதட்டுச்சே, அவங்கள விட இந்தியா மேல பாசம் வச்சவங்க யாரு. கவுகாத்தில சதம் அடிச்ச செனுரன் முத்துசாமி டர்பன்ல பொறந்தவரு, மூதாதையருங்க நாகப்பட்டினம் பக்கம். அந்த 109 ரன்னயும் விட்டுடாதீங்க.

கடைசியா வச்சிருக்குறது கொல்கத்தா. இத ரெண்டு ஸ்கோர்கார்டா பக்கத்துல பக்கத்துல வச்சு பாக்கணும். 2023 நவம்பர் 16, ஈடன் கார்டன்ஸ், ஒரு நாள் உலகக்கோப்பை அரையிறுதி. உடம்பு முழுசா சரியில்லன்னு டாஸ்லயே சொல்லிட்டு எறங்குனாரு, மொத ஓவர்லயே ஸ்டார்க் பந்துல 0. டீம் 24க்கு 4. மேட்ச் போச்சு, அன்னிக்கு அவர திட்டாத ஆள் இல்ல.

அடுத்தது அதே கிரவுண்டு, டெஸ்ட். கெண்டைக்கால் காயத்துலேருந்து அப்ப தான் திரும்பி வந்திருக்காரு, அவங்க முக்கிய வேகப்பந்து வீச்சாளர் ரபாடா இல்ல, பிட்ச்ல ஒரு பந்து எகிறுது ஒரு பந்து தரையோட போகுது, இந்தியா பக்கம் ஜடேஜா, குல்தீப், அக்சர், நம்ம வாஷிங்டன் சுந்தர்னு நாலு ஸ்பின்னர். ரெண்டாவது நாள் முடியும்போது 93க்கு 7, பவுமா 29. மறுநாள் காலையில போஷோட சேந்து 44 ரன். மொத்தம் 153ல இவர் மட்டும் நாட் அவுட் 55, 136 பந்து. ரெண்டு டீம்லயும் அந்த மேட்ச் முழுக்க வேற யாரும் 50 தொடல. 124 அடிச்சா போதும்னு எறங்குன இந்தியா 93க்கு ஆல் அவுட். இங்கயும் கால பாருங்க, ஆனா இந்த தடவ கிரீஸுக்குள்ள. ஸ்பின்னருக்கு எப்ப முழுசா முன்னாடி வர்றாரு, எப்ப முழுசா பின்னாடி போறாரு, நடுவுல மாட்டிக்காம எப்டி தப்பிக்கிறாரு, பேட்ட எவ்ளோ லேசா புடிச்சு பந்த காலடிலயே விழ வைக்கிறாருன்னு.

அந்த மேட்ச் முடிஞ்ச தேதிய பாருங்க. 2025 நவம்பர் 16. ரெண்டையும் ஒரே ராத்திரில பாருங்க, 2023ஐ மொதல்ல.