செத்த பிறகும் வகுப்புக்கு வரும் வாத்தியார்: சிரிப்புப் பேய் எபிசோடு எடுப்பது எப்படி

பேனாவைத் தொடும் முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: தான் செத்துப்போனது வாத்தியாருக்குத் தெரியுமா? தெரியும், ஆனால் அது லீவு போடுவதற்கான காரணம் இல்லை என்று அவர் நினைக்கிறார். இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் பாதி வசனம் தானாக வரும். கடிப்பது, உறுமுவது, மூளையைத் தேடுவது எல்லாம் எந்தப் பிணமும் செய்யும். இவர் கடிக்கவே கூடாது. மார்க்கைக் குறைக்க வேண்டும், நூறு தடவை எழுதச் சொல்ல வேண்டும், பெற்றோர் கையெழுத்து கேட்க வேண்டும். நடிப்பவர் ஒரு இடத்தில்கூட சிரிப்பு மூட்ட முயலக் கூடாது. அவர் சிரித்தால் நாம் சிரிக்க மாட்டோம்.

22 நிமிட எபிசோடுக்கு 22 முதல் 25 பக்கம் போதும். வாத்தியாரை மூன்றாவது, நான்காவது நிமிடத்திலேயே முழு வெளிச்சத்தில் காட்டிவிடுங்கள். பயப் படத்தில் மறைத்து வைப்பது பலம். இங்கே அப்படி மறைத்தால் சிரிப்புக்கு நேரம் இல்லாமல் போகும்.

பட்ஜெட் சின்னதாக இருந்தால் ஒரே ஒரு உடல் நகைச்சுவையில் முழுக் காசையும் போடுங்கள். உதாரணத்துக்கு, உதிரும் விரல். வருகைப் பதிவேட்டில் பெயர்களின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வருகிறார். ஒரு பெயரில் விரல் கழன்று தாளிலேயே நின்றுவிடுகிறது. அதை ஒரு நொடி பார்க்கிறார், பக்கத்துக்கு அடையாளமாக வைத்துப் பதிவேட்டை மூடுகிறார், பாடத்தைத் தொடங்குகிறார். இது சிரிப்பின் முதல் அடி. இரண்டாம் அடியில் பதிவேட்டைத் திறந்தால் விரல் இல்லை. மூன்றாவதில் ஒரு மாணவி நடுங்கிக்கொண்டே நீட்டுகிறாள்: “சார், உங்க விரல்.” அவர்: “நேத்தே கொடுத்திருக்கணும். ரெண்டு மார்க் போச்சு.” நான்காவது அடி வேண்டாம்.

அந்த விரலைச் செய்வது இப்படி. நடிகரின் ஆள்காட்டி விரலை ஆல்ஜினேட் (தண்ணீரில் கலந்தால் ரப்பர் போல இறுகும் அச்சுத் தூள்) கரைசலில் அசையாமல் நிறுத்தி அச்சு எடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் கலக்கினால் இறுகக் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும். வெந்நீர் என்றால் கலக்கும்போதே கட்டியாகிவிடும். எடுத்த அச்சை மறுநாளுக்கு வைக்காதீர்கள், ஈரம் வற்றிச் சுருங்கும். அச்சில் ஊற்றும் கலவைக்கு ஜெலட்டின் தூள், கிளிசரின், தண்ணீர் மூன்றும் 20 கிராம் வீதம். பத்து நிமிடம் ஊறவிட்டு, பாத்திரத்தை வெந்நீருக்குள் வைத்து உருக்குங்கள். கொதித்தால் குமிழி விழும், பிடிமானமும் போகும். ஒரு சொட்டு ஃபவுண்டேஷன் கலந்து, நடுவில் மெல்லிய கம்பியோடு அச்சில் ஊற்றி, ஃபிரிட்ஜில் அரை மணி நேரம் வையுங்கள். குறைந்தது ஐந்து விரல் வேண்டும். ஒவ்வொரு டேக்கிலும் ஓரம் கிழியும்.

நடிகர் தன் விரலைக் கணுவில் மடக்கிக்கொள்ள, போலி விரலைத் தோலுக்கான பசையால் அந்தக் கணுவில் லேசாக ஒட்டுங்கள். பதிவேட்டிலும் மேஜையிலும் சின்னத் துளை போட்டு, தூண்டில் நரம்பால் கீழிருந்து ஒருவர் சுண்டினால் விரல் கழன்று தாளோடு நிற்கும். கேமரா மேலிருந்து, புறங்கையைப் பார்த்து இருக்க வேண்டும். பக்கவாட்டில் வைத்தால் மடங்கிய விரல் தெரியும். சூடான விளக்குக்குக் கீழே ஜெலட்டின் வியர்த்து இளகிவிடும் என்பதால் எல்.இ.டி. விளக்கே நல்லது.

முகத்துக்குப் பச்சை பூசுவது எல்லோரும் செய்யும் தப்பு. இதயம் நின்றதும் ரத்தம் உடம்பின் தாழ்ந்த பக்கத்தில் தேங்கி ஊதா நிறமாகும், மேல்பக்கம் வெளிறும். நாற்காலியில் உட்கார்ந்தபடி, கைகள் தொங்க இறந்தவர் என்றால் முகம் சாம்பல், விரல் நுனிகளும் கணுக்காலும் ஊதா. அழுந்திய இடத்தில் ரத்தம் தேங்காது. ஆகவே கைக்கடிகாரத்தைக் கழற்றினால் அடியில் வெள்ளைப் பட்டை. இதை ஒரு குளோசப்பில் காட்டினால் வசனமே தேவைப்படாது.

உரியும் தோலுக்கு லிக்விட் லேடக்ஸும் (காய்ந்தால் தோல் போலாகும் திரவ ரப்பர்) டிஷ்யூ பேப்பரும். முந்தின நாளே முழங்கையின் உள்பக்கம் ஒரு சொட்டு வைத்து 24 மணி நேரம் பாருங்கள். லேடக்ஸ் ஒவ்வாதவர்கள் உண்டு. புருவம், கிருதா, தாடி ஓரத்தில் வாஸலின் தடவாவிட்டால் கழற்றும்போது முடியும் சேர்ந்து வரும். அம்மோனியா நெடி இருப்பதால் கண்ணருகே கூடாது. ஒரு பூச்சு, கிழித்த ஒரு படலம் டிஷ்யூ, மேலே ஒரு பூச்சு. நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. மூன்று அடுக்கு போதும். கடைசியில் பவுடர் போட மறந்தால் கன்னம் கழுத்தோடு ஒட்டும். கண்ணில் போடும் வெள்ளை லென்ஸ் கண் மருத்துவர் அளவு பார்த்துத் தந்தால் மட்டும்.

டியூப்லைட் வகுப்பறையில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் என்றால் கேமராவில் நொடிக்கு 25 ஃபிரேம், 1/50 நொடி ஷட்டர். 24 ஃபிரேமில்தான் எடுப்பேன் என்றால் ஷட்டர் கோணம் (ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை டிகிரியில் சொல்லும் அளவு) 172.8 டிகிரி. இல்லையென்றால் நீங்கள் கேட்காத மினுக்கல் வரும். நீல விளக்கில் சிவப்பு ரத்தம் கறுப்பாகத் தெரியும், மை கொட்டியது போல.

வராந்தாவில் அவர் வரும் நடைக்கு, நடிகரைப் பின்னோக்கி நடக்கவிட்டு ரிவர்ஸில் ஓட்டுங்கள். கால் பதியும் விதமே தப்பாக இருக்கும், ஏன் என்று பார்ப்பவருக்குப் புரியாது. அந்த ஷாட்டில் வேறு ஆள், புகை, பறக்கும் காகிதம் எதுவும் கூடாது.

சாக்பீஸ் கிறீச்சிடும் ஒலி தனியாகப் பதிவாகட்டும். உடைக்காத முழுச் சாக்பீஸைப் பலகையில் படாத நுனியில் பிடித்து, பலகைக்குச் செங்குத்தாக வைத்து இழுத்தால் ஒட்டி ஒட்டி வழுக்கிக் கத்தும். பாதியாக உடைத்தது அவ்வளவு கத்தாது. காது கூசவைப்பது பெரும்பாலும் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் பகுதி. அந்தப் பகுதியின் ஒலியை லேசாகக் கூட்டி, ஒன்றரை நொடிக்கு மேல் நீட்டாமல் வெட்டி, இரண்டு நொடி மௌனம் விடுங்கள். அவர் திரும்பும் இடம் அது. இசை போட்டுக் கெடுக்காதீர்கள்.

சின்னப் பிள்ளைகள் நடித்தால் மேக்கப் போடுவதை ஆரம்பத்திலிருந்து அவர்கள் பார்க்கட்டும். முழு வேஷத்தில் திடீரென்று முன்னால் நிறுத்தி நிஜமான அலறலைப் பிடிக்க நினைப்பது தவறு. அந்தப் பிள்ளை அடுத்த டேக்குக்கு வராது. பழகிய பிள்ளைகள்தான் சரியான நொடியில் பயப்படுவார்கள்.

எல்லாம் முடிந்ததும் லேடக்ஸைப் பிய்க்காமல், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஓரத்தை நனைத்து விரலால் உருட்டி எடுங்கள். உரித்தெடுக்கக் கால் மணி நேரமாவது ஒதுக்குங்கள்.