கோடைக்கு முன் கார் என்ஜினைக் கவனித்துக்கொள்வது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

மதுரையில் வெயில் 40 டிகிரியைத் தொடும் சித்திரை, வைகாசி மாதங்களில், சாலையோரத்தில் பானெட்டைத் திறந்துவைத்தபடி நிற்கும் கார்களைப் பார்க்காமல் சுற்றுச்சாலையைக் கடப்பது அரிது. என்ஜினின் மேல்மூடியான அலுமினிய சிலிண்டர் ஹெட் அளவுக்கு மீறிச் சூடேறி வளைந்துவிட்டால், அதைக் கழற்றி, லேத்தில் கொடுத்துச் சமப்படுத்தி, புது ஹெட் கேஸ்கட் (இடையில் வைக்கும் அடைப்புத் தகடு) வைத்து மாட்ட ஆகும் செலவு, பல ஆண்டுகளுக்குக் கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வாங்கும் செலவை மிஞ்சிவிடும். அந்த நிலை வராமல் தடுப்பதற்குப் பெரிய தொழில்நுட்ப அறிவு தேவையில்லை. வாரத்தில் ஒரு நாள் காலை, வண்டியை எடுப்பதற்கு முன், என்ஜின் முழுவதும் ஆறியிருக்கும் நேரத்தில் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

முதலில் காரைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, பானெட்டைத் திறந்து கூலன்டைப் பாருங்கள். கூலன்டின் சூட்டைக் காற்றில் வெளியேற்றும் ரேடியேட்டருக்கு அருகில் வெள்ளை பிளாஸ்டிக்கால் ஆன ரிசர்வ் டேங்க் இருக்கும். அதன் பக்கவாட்டில் குறைந்த அளவுக்கும் அதிக அளவுக்கும் இரண்டு கோடுகள் உண்டு. கூலன்ட் அந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவில் நிற்க வேண்டும்.

அளவு குறைந்திருந்தால் எதை ஊற்றுவது என்பதில்தான் நம் ஊரில் பெரும் தவறு நடக்கிறது. மதுரையைச் சுற்றிப் பல இடங்களில் போர்வெல் தண்ணீர் உப்புத் தண்ணீராகவே இருக்கிறது. வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவம் என்ஜினுக்குள் இருக்கும் நீர்வழிகளிலும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்து, சூடு வெளியேறும் வழியை அடைத்துவிடும். ஆகவே உங்கள் காரின் கையேட்டில் குறிப்பிட்டுள்ள கூலன்டை, அதே அளவு, உப்பு நீக்கிய டிஸ்டில்டு வாட்டருடன் கலந்து ஊற்றுங்கள்; கலந்தே விற்கப்படும் கூலன்ட் என்றால் தண்ணீர் சேர்க்க வேண்டாம். பச்சை, இளஞ்சிவப்பு என்று நிறத்தை மட்டும் பார்த்து வாங்குவதும் சரியல்ல. நிறம் ஒன்றாக இருந்தும் உள்ளிருக்கும் வேதிப்பொருள் வேறாக இருக்கலாம்.

சூடாக இருக்கும் ரேடியேட்டரின் மூடியை எந்தக் காரணத்திற்காகவும் திறக்கக் கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடியைத் தளர்த்திய நொடியில் அது கொதித்து, ஆவியும் நீருமாக முகத்தில் பீறிட்டு அடிக்கும். பிள்ளைகளை அருகில் நிறுத்திக்கொண்டு இந்த வேலையைச் செய்யவே செய்யாதீர்கள்.

கூலன்ட் அடிக்கடி குறைகிறது என்றால், ஊற்றிக்கொண்டே இருப்பது தீர்வாகாது. ரேடியேட்டரிலிருந்து என்ஜினுக்குச் செல்லும் ரப்பர் ஹோஸைக் கையால் அழுத்திப் பாருங்கள். நல்ல ஹோஸ் அழுத்தினால் இணங்கி மீண்டும் நிமிரும். பழையது விறைத்தோ, கிளிப் மாட்டிய இடத்தில் உப்பியோ, மேலே மயிரிழை வெடிப்புகளோடோ இருக்கும். கிளிப்பின் ஓரத்திலும் வாட்டர் பம்பின் அடியிலும் கூலன்ட் காய்ந்த தடம் வெள்ளையாகவோ பச்சையாகவோ தெரிந்தால் கசிவு அங்கேதான். அதை மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ரேடியேட்டரின் முன்பக்கத்தையும் பார்க்க வேண்டும். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கிராமச் சாலைகளில் அறுவடை நாட்களில் கதிரைச் சாலையிலேயே பரப்பியிருப்பார்கள். அதன் மேல் ஓட்டி வந்தால் தூசும் துரும்பும் ரேடியேட்டர் தகடுகளில் ஒட்டிக்கொள்வதுடன், வைக்கோல் வண்டியின் அடியில் சுற்றிக்கொண்டு சைலன்சர் சூட்டில் தீப்பிடிக்கவும் கூடும். தகடுகளை மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் குழாயை நெருக்கிப் பிடித்தால் அவை மடங்கிவிடும்.

அடுத்தது என்ஜின் ஆயில். ஆயிலின் அளவைக் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவி, பழந்துணியால் துடைத்து, மறுபடி முழுவதும் செருகி, மீண்டும் உருவிப் பார்த்தால்தான் சரியான அளவு தெரியும். ஆயில் இரண்டு குறிகளுக்கும் இடையில் இருக்கட்டும். கூடுதலாக ஊற்றுவதும் கெடுதல்தான், ஏனெனில் என்ஜினின் அடியில் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் அதைக் கடைந்து நுரையாக்கிவிட்டால், நுரைத்த ஆயிலால் பாகங்களுக்கு உயவு கொடுக்க முடியாது. ஒரு துளியை விரல்களுக்கு இடையில் தேய்த்துப் பாருங்கள்: மணல்போல நெருடினால் மாற்றும் காலம் கடந்துவிட்டது. டீசல் என்ஜினில் ஆயில் சீக்கிரம் கறுப்பது இயல்பு, அதற்காக அஞ்ச வேண்டாம். ஆனால் பால் கலந்த காப்பிபோல வெளுத்திருந்தால் கூலன்ட் ஆயிலோடு கலந்திருக்கிறது என்று பொருள். வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள்.

ஆயில் மாற்றும் இடைவெளி பல பெட்ரோல் கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றில் எது முந்தியோ அது. மாசி வீதிகளின் நெரிசலில் மட்டுமே ஊர்ந்து, குறைந்த தூரமே ஓடும் காருக்கு அதற்கும் முன்பே மாற்றுவது நல்லது என்பது என் கருத்து. ஆயில் ஃபில்டரையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிராகப் பிடியுங்கள். வெளிச்சம் ஊடுருவாவிட்டால் மாற்ற வேண்டும். காகிதம் கிழிந்திருந்தால் உடனே மாற்ற வேண்டும், ஏனெனில் உள்ளே போகும் புழுதி பிஸ்டன் ரிங்கைத் தேய்த்துவிடும். ஃபேன் பெல்ட்டில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். பிஸ்டனும் வால்வும் ஒத்து இயங்கச் செய்ய உங்கள் காரில் இருப்பது டைமிங் பெல்ட்டா, செயினா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெல்ட் என்றால் கையேட்டில் சொன்ன கிலோமீட்டருக்குள் மாற்றியே ஆக வேண்டும், ஏனெனில் அது ஓட்டத்தில் அறுந்தால் பல என்ஜின்களில் பிஸ்டன் வால்வுகளை முட்டி வளைத்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும், வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலைச்சாலையில் முழுப் பாரத்துடன் ஏறும்போது டேஷ்போர்டில் என்ஜின் சூட்டைக் காட்டும் முள் உயரலாம். உடனே ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழு அளவில் வையுங்கள். அது என்ஜினின் சூட்டில் ஒரு பங்கை வெளியே இழுத்துவிடும். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டால் பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி என்ஜினை நிறுத்துங்கள். எரியும் சூட்டில் இருக்கும் என்ஜின்மீது குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் இரும்பே விரிசல் விடக்கூடும். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஆறவிட்டு, மேல் ஹோஸைத் தொடும் அளவுக்குச் சூடு தணிந்த பிறகே அளவைப் பார்த்துக் கூலன்ட் ஊற்றுங்கள். வேறு வழியே இல்லாவிட்டால் பாட்டில் குடிநீரை ஊற்றிப் பட்டறை வரை சென்று, அங்கே அதை வடித்துவிட்டுப் புதிய கூலன்ட் நிரப்பச் சொல்லுங்கள்.