பாடசாலைப் புத்தகச் சந்தையில் நாம் விடும் பிழைகள்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைப் பாடசாலையொன்றில் நூலகத்துக்குப் பொறுப்பாக இருந்தபோது நான் நடத்திய முதல் புத்தகச் சந்தையில் மேசைகளில் பாதிக்கு மேல் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை வழிகாட்டிகளும் மாதிரி வினாத்தாள்களும்தான் கிடந்தன. பெற்றோர் அவற்றைத் தேடி வாங்குவார்கள் என்று கடைக்காரருக்குத் தெரியும். ஒரு பிள்ளை படக்கதைப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டியது. "அது பிறகு பார்ப்பம்" என்று சொல்லிவிட்டுத் தாய் வினாத்தாள் கட்டை வாங்கினார். அவரில் குறை சொல்ல மாட்டேன். அதை அங்கே வைத்தது என் பிழை. கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: இந்தச் சந்தைக்கு வழிகாட்டி நூல்கள் வேண்டாம், பெற்றோர் கூட்டத்தன்று கொண்டு வரலாம்.

அடுத்தது காலம். தேசிய வாசிப்பு மாதம் என்பதால் எல்லோரும் ஒக்டோபரைத்தான் பிடிப்போம். ஆனால் நம் பக்கத்தில் அது பெரும்போக நெல் விதைப்புக் காலம். உழவு, விதைநெல், பசளை என்று வீட்டிலுள்ள காசெல்லாம் வயலுக்குள் போயிருக்கும். பின்னேர மழையும் தொடங்கிவிடும்; நனைந்த புத்தகத்தை யாரும் வாங்க மாட்டார்கள். வாசிப்பு மாதத்தில் கதை சொல்லல், வாசிப்புப் போட்டி நடத்துங்கள். சந்தையை அறுவடை முடிந்து நெல் விற்ற காசு கைக்கு வரும் பங்குனிக்கு மாற்றிப் பாருங்கள். கடலை நம்பியிருக்கும் ஊர்களில் கணக்கு வேறு, அங்கே பெற்றோரைக் கேட்டே நாள் வையுங்கள்.

காசில்லாத பிள்ளையை மறந்துவிடுவதுதான் எனக்கு மிகவும் வலிக்கும் பிழை. வகுப்பே வாங்கும்போது அது ஒதுங்கி நிற்கும். ஒலிவாங்கியில் பெயர் சொல்லி அழைத்து இலவசமாகக் கொடுப்பது அதைவிட மோசம். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் நூலகத்துக்கென ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கைப் பிள்ளைகளின் தெரிவுக்கு விடலாம். வகுப்பில் ஒவ்வொருவரும் நூலகத்துக்கு எந்தப் புத்தகம் வேண்டும் என்று எழுதிக் கொடுக்கட்டும். அவற்றிலிருந்து வாங்கிய புத்தகத்தின் முதல் பக்கத்தில் "தெரிவு செய்தவர்" என்று அந்தப் பிள்ளையின் பெயரை எழுதுங்கள். காசு கொண்டு வந்த பிள்ளைக்கும் கொண்டு வராத பிள்ளைக்கும் அங்கே வேறுபாடு இல்லை.

"தொடாதே, கசங்கும்" என்று ரீச்சர்மார் காவல் நிற்கவும் கூடாது. ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதியைப் பிரித்துப் பார்க்க விடுங்கள். ஓரமாக இரண்டு பன்பாய் விரித்தால் சின்ன வகுப்புகள் தாமாகவே உட்கார்ந்துவிடும். தரம் தரமாக அனுப்பி, ஒரு வகுப்புக்கு ஒரு பாடவேளை முழுவதையும் கொடுங்கள். விருந்தினர் உரைகளைப் பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள், சரி.

அப்புறம், வாங்கிய நூலகப் புத்தகங்களை அலுமாரியில் பூட்டி வைக்காதீர்கள். பதிவேட்டில் ஏற்றும் வேலையைச் சந்தை நடக்கும்போதே ஆரம்பித்தால், மறுநாள் காலையில் அந்தப் பிள்ளை தான் தெரிவு செய்த புத்தகத்தை முதல் ஆளாக இரவல் எடுத்துப் போகலாம்.