பெங்களூரில் சைக்காலஜிஸ்ட்டைப் பார்ப்பது எப்படி? முதல் முறை போகும் தமிழர்களுக்கு

யாரைப் பார்ப்பது, எவ்வளவு செலவாகும், போனால் என்ன கேட்பார்கள்? இங்கே வேலைக்கு வந்த நம்ம ஊர்ப் பிள்ளைகள் பலர் என்னிடம் இதைக் கேட்கிறார்கள். அப்பா இறந்த வருடம் எனக்கும் இதே கேள்விகள்தான். அன்று யாராவது தமிழில் விவரமாக எழுதி வைத்திருந்தால் எவ்வளவோ அலைச்சல் குறைந்திருக்கும். தெரபி தேவையா இல்லையா என்ற விவாதத்துக்குள் இங்கே போகவில்லை. போகலாம் என்று முடிவெடுத்துவிட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. செத்துப்போகலாம் என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்துகொண்டிருந்தால் கீழே உள்ள படிகளுக்காகக் காத்திருக்காதீர்கள். 14416-க்கு இப்போதே கூப்பிடுங்கள். இது டெலி மானஸ், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய சேவை. 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழ் உட்பட 20 மொழிகளில் பேசலாம். ஓசூர் ரோட்டில் உள்ள நிம்ஹான்ஸின் (மத்திய அரசின் மனநல, நரம்பியல் ஆஸ்பத்திரி) அவசர சிகிச்சைப் பிரிவும் இரவு பகல் இயங்குகிறது. துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு நேராகப் போய்விடலாம்.

படி 1: யாரிடம் போக வேண்டும்?

சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்த டாக்டர். மருந்து எழுதுவார். சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத மாட்டார். பேச்சு வழியாகவும் பயிற்சிகள் வழியாகவும் சிகிச்சை தருவார். சிலருக்கு ஒருவர் போதும், சிலருக்கு இருவரும் வேண்டியிருக்கும். நல்ல சைக்காலஜிஸ்ட் என்றால், மருந்து தேவைப்படும்போது அவரே சைக்கியாட்ரிஸ்ட்டிடம் அனுப்பிவிடுவார்.

போவதற்கு முன் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் கேட்டு தைராய்டு, வைட்டமின் பி12 இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. தைராய்டு குறைந்தாலே சோர்வு, மந்தம், எதிலும் பிடிப்பில்லாமை எல்லாம் வரும்.

படி 2: தகுதியைப் பாருங்கள்

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்பவர் ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவுக்கு சி.ஆர்.ஆர். எண் என்று பெயர். எண்ணைக் கேட்டு வாங்கி ஆர்.சி.ஐ. இணையதளத்தில் தேடினால் பெயர் வரும். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. கேட்டதற்கே முகம் சுளிப்பவரிடம் நான் போக மாட்டேன்.

கவுன்சலிங் சைக்காலஜிஸ்ட் பலர் இந்தப் பதிவேட்டில் இருக்க மாட்டார்கள். அதனாலேயே அவர்களை ஒதுக்க வேண்டியதில்லை. உளவியலில் முதுகலை படித்திருக்கிறாரா, எங்கே பயிற்சி எடுத்தார், மூத்தவர் யாருடைய மேற்பார்வையிலாவது வேலை செய்கிறாரா என்று கேளுங்கள். சில வாரம் ஆன்லைன் கோர்ஸ் முடித்துவிட்டு ‘லைஃப் கோச்’ என்று போட்டுக்கொள்பவர்கள் வேறு. அவர்களைத் தவிர்த்துவிடுங்கள்.

படி 3: எந்த இடம்?

செலவு தாங்காது என்றாலும், பிரச்சினை தீவிரமாக இருந்தாலும் நிம்ஹான்ஸ். புறநோயாளிப் பிரிவுக்குக் காலையில் சீக்கிரமே போய்விடுங்கள். கூட்டம் இருக்கும், அரை நாளாவது ஆகும். ‘மெண்டல் ஆஸ்பத்திரிக்குப் போறியா’ என்று ஊரில் கேட்பார்களே என்ற பயம் பலருக்கு உண்டு. பக்கவாதம், வலிப்பு, தலைக்காயம் என்று நரம்பு நோயாளிகளும் அதே வளாகத்துக்குத்தான் வருகிறார்கள். வரிசையில் நிற்பவர் எதற்காக நிற்கிறார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரி சூழலே வேண்டாம் என்றால் பி.டி.எம். லேஅவுட்டில் நிம்ஹான்ஸ் நடத்தும் நலவாழ்வு மையம் இருக்கிறது.

தனியார் என்றால் ஒரு செஷனுக்குப் பொதுவாக ஆயிரத்திலிருந்து மூவாயிரம் ரூபாய் வரை ஆகும். வருமானத்துக்குத் தக்கபடி குறைத்து வாங்குபவர்களும் இருக்கிறார்கள், ஆனால் நாம் கேட்டால்தான் சொல்வார்கள். ஐ.டி. கம்பெனிகள் பலவற்றில் ஊழியர்களுக்குச் சில செஷன் இலவசம். கம்பெனிக்கு உங்களைப் பற்றி என்ன தகவல் போகும் என்பதை மட்டும் முதலிலேயே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சுமாரான பெயர் உள்ளவர், சில்க் போர்டு டிராஃபிக்கைத் தாண்டிப் போய்ப் பார்க்க வேண்டிய பிரபலத்தைவிட மேல். வாரா வாரம் போக வேண்டிய வேலை இது. முதல் சில செஷனாவது நேரில் போங்கள், அப்புறம் வீடியோவுக்கு மாறலாம். டைப் செய்து பேசும் சாட் தெரபியை ஆரம்பத்தில் யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். எதிரில் இருப்பவர் நம் முகத்தையும் குரலையும் கவனிப்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

படி 4: எந்த மொழியில் பேசப் போகிறீர்கள்?

நான் நெடுநாள் மாட்டிக்கொண்டிருந்தது இந்த இடத்தில்தான்.

எனக்கு முதலில் கிடைத்தவர் கெட்டிக்காரர், கனிவானவர். பேச்செல்லாம் ஆங்கிலத்தில். பகல் முழுக்க ஆங்கிலத்தில் வேலை பார்க்கிறோமே, என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். ஆனால் அப்பாவைப் பற்றிப் பேசினால் அது ஆபீஸ் ஸ்டேட்டஸ் மீட்டிங் மாதிரியே வந்தது: என்ன நடந்தது, எப்போது நடந்தது, அடுத்து என்ன செய்யலாம். எல்லாம் கோவையாகச் சொல்வேன். கண் கலங்காது. வீட்டுக்கு வந்தால் நெஞ்சடைப்பு அப்படியே இருக்கும். தெரபி எனக்கு ஒத்துவரவில்லை என்றுகூட நினைத்தேன்.

பிறகு கிடைத்தவர் அல்சூரில் வளர்ந்த கன்னடக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார். “அப்பா உங்களை எப்படிக் கூப்பிடுவார்?” என்று கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. அவர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தை சொன்ன சொல், கடைசி நாள் போனில் அப்பாவிடம் நான் எரிந்து விழுந்தது, எல்லாம் அன்றைக்குத்தான் நடந்தபடியே வெளியில் வந்தது. அந்தப் பேச்சுகள் தமிழில் நடந்தவை. அவற்றைத் தமிழில் திருப்பிச் சொன்னபோதுதான் எனக்கே அவை காதில் விழுந்தன.

அதனால் ஆள் தேடும்போதே மொழியைக் கேளுங்கள். தெரபிஸ்டுகளைப் பட்டியலிடும் தளங்களில் மொழி வாரியாகத் தேட வசதி உண்டு. நிம்ஹான்ஸில் பல மாநிலத்தவர் வேலை பார்க்கிறார்கள். தமிழ் தெரிந்தவர் இருந்தால் நல்லது என்று ஆரம்பத்திலேயே சொல்லிப் பாருங்கள். இங்கே கிடைக்கவில்லையா, சென்னையிலோ கோவையிலோ இருப்பவரை வீடியோவில் பாருங்கள். ஆள் பிடித்துவிட்டது, ஆனால் அவருக்குத் தமிழ் அரைகுறைதான் என்றால், “கோபம் வந்தா தமிழ்லதான் பேசுவேன், பரவாயில்லையா?” என்று கேட்டுவிடுங்கள். மொழிபெயர்த்துச் சொல்ல அக்காவையோ கணவரையோ பக்கத்தில் உட்கார வைப்பது மட்டும் வேண்டாம். அவர்கள் இருக்கும்போது எதைச் சொல்லாமல் விடுவீர்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

இதைப் படித்த பிறகு சிலர் எனக்கு நேரெதிராக எழுதினார்கள். காதல், உடலுறவு, சாதி மாறிக் கல்யாணம் இதையெல்லாம் தமிழில் சொல்லக் கூசுகிறது, ஆங்கிலத்தில்தான் வாய் வருகிறது என்று. நியாயம்தான். உங்களுக்கு எதில் வாய் வருகிறதோ அதில் பேசுங்கள்.

படி 5: முதல் மெசேஜ்

இதை எழுத முடியாமலேயே பலர் தள்ளிப்போடுகிறார்கள். கதையை முழுக்கச் சொல்லத் தேவையில்லை. இதை எடுத்து உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்:

“வணக்கம் மேடம். எனக்கு வயது 29, எஜிபுராவில் இருக்கிறேன். சில மாதங்களாகச் சரியான தூக்கம் இல்லை, வேலையில் கவனம் இல்லை. தனிநபர் தெரபிக்கு நேரம் வேண்டும். தமிழில் பேசலாமா? சனிக்கிழமை கிடைக்குமா? ஃபீஸ் எவ்வளவு? வர முடியாமல் போனால் எத்தனை மணி நேரம் முன்பு சொல்ல வேண்டும்?”

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். கடைசி நேரத்தில் ரத்து செய்தால் முழுக் கட்டணமும் வாங்குபவர்கள் உண்டு.

படி 6: முதல் செஷன்

45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை. சோபாவில் படுக்கச் சொல்ல மாட்டார்கள். ஒரு படிவம் தருவார்கள், அதில் அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவரின் எண்ணும் கேட்டிருக்கும். தூக்கம், பசி, குடி, பழைய நோய், வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று விசாரிப்பார்கள். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிய ஒன்பது கேள்விகள் கொண்ட தாளையும் தரலாம்; அது பி.எச்.கியூ.-9, மனச்சோர்வின் அளவைப் பார்க்க. எனக்கு ஒரு வெள்ளைத் தாளில் குடும்ப மரம் வரைந்தார்கள். ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம், இறந்தவர் மேல் பெருக்கல் குறி. யாரோடு யாருக்குப் பேச்சுவார்த்தை இல்லை என்பதைக்கூடக் கோடு போட்டுக் காட்டினார்கள்.

நீங்கள் சொல்வது வெளியே போகாது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 அந்த ரகசியத்தை உங்கள் உரிமையாகவே சொல்கிறது. விதிவிலக்குகள் உண்டு: உங்கள் உயிருக்கோ அடுத்தவர் உயிருக்கோ ஆபத்து இருந்தால், குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால், நீதிமன்றம் உத்தரவிட்டால். இதை அவரே முதல் நாளில் விளக்க வேண்டும். விளக்கவில்லை என்றால் கேளுங்கள்.

“கல்யாணம் பண்ணிக்கோங்க, எல்லாம் சரியாகிடும்” என்று சொல்பவர், பத்து நிமிடத்தில் நோய்க்குப் பெயர் வைப்பவர், இருபது செஷனுக்கு மொத்தமாகப் பணம் கட்டச் சொல்பவர், இன்னொரு கிளையன்ட்டின் கதையை உங்களிடம் சொல்பவர் என்றால் அடுத்த முறை போகாதீர்கள்.

படி 7: அதற்கப்புறம்

முதல் இரண்டு மூன்று செஷன் முடிந்ததும் பாரம் கூடின மாதிரி இருக்கலாம். மூடி வைத்ததைத் திறந்தால் அப்படித்தான். அதற்காக நிறுத்திவிடாமல், அதையே அடுத்த செஷனில் சொல்லுங்கள்.

சி.பி.டி. முறை, அதாவது எண்ணங்களையும் பழக்கங்களையும் கவனித்து மாற்றப் பழக்கும் தெரபி என்றால் வீட்டுப்பாடம் உண்டு. என்ன நடந்தது, அப்போது மனதில் என்ன ஓடியது, எவ்வளவு வருத்தம், அந்த எண்ணத்துக்கு ஆதாரம் என்ன, எதிர் ஆதாரம் என்ன என்று கட்டம் போட்டு எழுத வேண்டும். இதற்கு ஆப் நிறைய இருக்கிறது. நான் கோடு போட்ட சாதாரண நோட்டைத்தான் சொல்வேன். போனை எடுத்தால் அடுத்த நிமிடம் வாட்ஸ்ஆப்பில் இருப்போம்.

ஐந்தாறு செஷன் ஆனதும் “நாம எங்கே இருக்கோம்?” என்று நேராகக் கேளுங்கள். ஒத்துவரவில்லை என்றால் ஆளை மாற்றலாம், அவரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். “வேறு ஒருவரிடம் பார்க்க நினைக்கிறேன், யாரையாவது பரிந்துரைக்க முடியுமா?” என்ற ஒரு வரி போதும்.

பிறகு சேர்த்தது

பி.ஜி.யில் மூன்று பேர் தங்கும் அறை, எங்கே உட்கார்ந்து வீடியோ செஷன் எடுப்பது என்று பலர் கேட்டிருந்தார்கள். மொட்டை மாடி, ஆபீசில் ஒருவர் உட்காரும் போன் அறை, நிறுத்தி வைத்த கார், கப்பன் பார்க்கில் ஆள் நடமாட்டம் குறைந்த பெஞ்ச் என்று ஆளுக்கொரு இடம் சொல்கிறார்கள். இயர்போன் கட்டாயம். திடீரென்று யாராவது வந்துவிட்டால் பேச்சை மாற்ற தெரபிஸ்ட்டிடம் முன்பே ஒரு சொல் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்ஷூரன்ஸ் பற்றியும் கேட்டார்கள். உடல் நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மன நோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017 சட்டமே சொல்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் ஆஸ்பத்திரியில் தங்கினால்தான் பணம் தரும். வாராந்தர தெரபிக்குத் திரும்பக் கிடைக்க வேண்டுமானால் பாலிசியில் ஓ.பி.டி. கவர், அதாவது ஆஸ்பத்திரியில் தங்காமல் எடுக்கும் சிகிச்சைக்கான காப்பீடு இருக்க வேண்டும். இருந்தால், பதிவு எண் போட்ட பில்லை ஒவ்வொரு செஷனுக்கும் அன்றன்றே வாங்கி வையுங்கள். மொத்தமாகப் பின்னால் கேட்டு வாங்குவது பெரும்பாடு.