ஒரே கேள்வி, பல ஆழங்கள்: தொடக்க வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் அமைக்கும் முறை

வட சென்னையின் காசிமேட்டிலோ வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ ஒரு தொடக்கப் பள்ளியின் நான்காம் வகுப்புக்குள் நுழைந்து பார்த்தால், பாடப் பத்தியைத் தடையின்றி வாசித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டும் பிள்ளையும், எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளையும், ‘கெ’, ‘கொ’ ஆகிய இரண்டையும் இன்னும் பிரித்தறியாத பிள்ளையும் அடுத்தடுத்து அமர்ந்திருப்பார்கள். தொடக்க வகுப்புப் பிள்ளைகளின் அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்கும் தமிழக அரசு 2022ஆம் ஆண்டு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் இந்த உண்மையை ஒப்புக்கொண்டுதான் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைகளைப் பிரித்தது. வகுப்பறைக்குள் அந்தப் பிரிவு இருக்கிறது. மாலையில் மணி அடிப்பதற்கு முன் கரும்பலகையில் அவசரமாக எழுதிப் போடும் வீட்டுப்பாடத்தில் மட்டும் அது காணாமல் போய்விடுகிறது. ‘வினா 1 முதல் 10 வரை’ என்ற ஒரே வரி எல்லாருக்கும் பொதுவாகிறது. முதல் பிள்ளை அதைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறது. மூன்றாவது பிள்ளை மறுநாள் காலையில் யாருடைய நோட்டையாவது வாங்கிப் பார்த்து எழுதுகிறது. இருவரும் அந்த மாலையில் புதிதாக எதையும் கற்றிருக்க மாட்டார்கள்.

முதலில் அளவைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். 1, 2ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதத்தில் உத்தரவிட்டது. 2020ஆம் ஆண்டின் தேசியப் பள்ளிப் பைக் கொள்கையும் அதையே சொல்வதோடு, 3 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு வாரத்துக்கு அதிகபட்சம் 2 மணி நேரம் என்று வரையறுக்கிறது. ஐந்து நாள்களுக்குப் பிரித்தால் நாளுக்கு 24 நிமிடம். அதுவும் எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்து. அமெரிக்க ஆய்வாளர் ஹாரிஸ் கூப்பரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2006இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில், வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் இடையே மேல் வகுப்புகளில் தெரிந்த தொடர்பு தொடக்க வகுப்புகளில் மிகவும் வலுக்குறைந்தே தெரிந்தது. ஆகவே நிறையக் கொடுத்தால் நிறையக் கற்பார்கள் என்ற கணக்கு இந்த வயதில் செல்லாது. ஒரு நாளைக்கு ஒரு பாடத்தில் ஒரு நல்ல கேள்வி போதும் என்பது என் கருத்து.

அடுத்து, அந்தக் கேள்வி எந்த வீட்டுக்குப் போகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். நம் பகுதியில் பல வீடுகள் ஒரே அறை கொண்டவை. அந்த அறையில்தான் சமையல், தொலைக்காட்சி, தம்பியின் தூக்கம் எல்லாம் நடக்கும். அப்பா விடியுமுன் துறைமுகத்துக்குப் போயிருப்பார், அல்லது இரவு ஷிப்டில் இருப்பார்; அம்மா இரண்டு வீட்டு வேலை முடித்துக் களைத்து வந்திருப்பார். வாட்ஸ்அப் குழுவில் வீட்டுப்பாடத்தை அனுப்பினால், அந்த வீட்டின் ஒரே கைபேசி அப்பாவின் சட்டைப் பையில் எங்கோ போய்க்கொண்டிருக்கும். தெர்மாகோல், சார்ட், வண்ணப் படம் என்று கேட்கும் ‘ப்ராஜெக்ட்’ வேலைகள் இரவு ஒன்பது மணிக்கு ஜெராக்ஸ் கடை வாசலில் அம்மாக்களைத்தான் நிற்கவைக்கின்றன. (அந்தப் படங்களைக் கத்தரித்து ஒட்டுவதும் பெரும்பாலும் அம்மாக்கள்தான், கோணாமல் ஒட்டியிருப்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.) செலவில்லாமல், பெரியவர் துணையில்லாமல், மடியில் நோட்டை வைத்துக்கொண்டு செய்யக்கூடியதா என்ற மூன்று சோதனைகளிலும் தேறாத வேலையை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம், அதை வகுப்பிலேயே வைத்துக்கொள்ளலாம்.

இனி முக்கியமான பகுதிக்கு வருவோம். பல நிலைப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் என்றதும் மூன்று தனித்தனித் தாள்கள் தயாரிக்கத் தோன்றும். பணியில் சேர்ந்த தொடக்கத்தில் நானும் அப்படித்தான் மூன்று வண்ணங்களில் துண்டுச் சீட்டுகள் கொடுத்தேன். பச்சைச் சீட்டு யாருக்குப் போகிறது என்பதைப் பிள்ளைகள் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள். மூன்றாம் நாள் ஒரு பையன் தன் பச்சைச் சீட்டைச் சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் மறைத்து வைத்திருந்ததைப் பார்த்த பிறகு அந்த முறையைக் கைவிட்டேன். கேள்வி எல்லாருக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். அதில் இறங்கும் ஆழம்தான் ஆளுக்கு ஆள் மாற வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை விரிவாகப் பார்க்கலாம். கிழக்குக் கடற்கரையில் மீன்களின் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகளுக்கு விதிக்கப்படும் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நீடிக்கிறது. ‘தடைக்காலம் மொத்தம் 61 நாள் என்கிறார்கள். அது சரிதானா என்று நீயே கண்டுபிடித்து, எப்படிக் கண்டுபிடித்தாய் என்பதைக் காட்டு’ என்று ஏப்ரல் முதல் வாரத்தில் நான்காம் வகுப்புக்குக் கொடுக்கலாம். விடையை நாமே சொல்லிவிடுவது வேண்டுமென்றே செய்வது. காசிமேட்டுப் பக்கம் வளரும் பிள்ளைக்கு அந்த எண் எப்படியும் தெரிந்திருக்கும். பார்த்து எழுத அங்கே ஒன்றுமில்லை, வழி மட்டுமே மிச்சமிருக்கிறது.

எண்ணும் நிலையில் உள்ள பிள்ளை சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் ஒவ்வொரு நாளாக விரல் வைத்து எண்ணி, பத்து நாளுக்கு ஒரு கோடு போட்டு வரும். கூட்டல் தெரிந்த பிள்ளை மாதம் மாதமாகப் பிரித்து 16, 31, 14 என்று எழுதிக் கூட்டும். இங்கே ஒரு நல்ல பொறி இருக்கிறது: பல பிள்ளைகள் ஏப்ரலுக்கு 30இலிருந்து 15ஐக் கழித்து 15 என்று எழுதி, மொத்தம் 60 என்று கொண்டுவருவார்கள். தொடங்கும் நாளும் கணக்கில் சேரும் என்பதை விரல் வைத்து எண்ணிய பிள்ளைதான் மறுநாள் அவர்களுக்குக் காட்ட முடியும். வகுப்பில் பின்தங்கியதாகக் கருதப்படும் பிள்ளையின் விடை சரியாகவும், வேகமான பிள்ளையின் விடை ஒன்று குறைவாகவும் இருக்கும் அந்தக் காலைக்காகவே இந்தக் கேள்வியை ஆண்டுதோறும் கொடுக்கலாம். இதையும் எளிதில் முடித்துவிடும் பிள்ளைக்கு ஒரு கூடுதல் வரி: ‘2017க்கு முன் தடை மே 29 வரை 45 நாள் மட்டுமே இருந்தது. கூடிய நாள்களை இரண்டு வழிகளில் கண்டுபிடி.’ 61இலிருந்து 45ஐக் கழிப்பது ஒரு வழி. மே மாதத்தின் கடைசி 2 நாளோடு ஜூன் மாதத்தின் 14 நாளைக் கூட்டுவது மற்றொரு வழி. இரண்டிலும் 16தான் வரும்.

இத்தகைய கேள்வியை உருவாக்க, பாடத்தின் கற்றல் விளைவை, அதாவது பாடம் முடிந்ததும் பிள்ளை எதைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை, ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொண்டு, அதே வேலையைக் கையால் தொட்டு எண்ணியோ படம் வரைந்தோ செய்ய முடியுமா, ஒரு படி தாவிச் செய்ய முடியுமா, திருப்பிப் போட்டுக் கேட்க முடியுமா என்று யோசித்தால் போதும். வேகமான பிள்ளைக்கு எப்போதும் திருப்பிப் போட்ட கேள்வியே கொடுக்க வேண்டும்: விடையைச் சொல்லி வினாவை உருவாக்கச் சொல்வது, தவறான ஒரு கணக்கைக் காட்டிப் பிழை எங்கே என்று கேட்பது. பத்துக் கணக்கைச் சரியாகப் போட்ட பிள்ளைக்கு மேலும் பத்துக் கணக்கு கொடுப்பது தண்டனை. இரண்டாம் வாரத்தில் அது மெதுவாகப் போடக் கற்றுக்கொள்ளும்.

மொழிப் பாடத்தில் கேட்டு வருவது நல்ல வழி. வண்ணாரப்பேட்டைப் பிள்ளைகளிடம், ‘நம் பேட்டைக்கு ஏன் இந்தப் பெயர்? வீட்டில் ஆயாவிடமோ பக்கத்து வீட்டுப் பெரியவரிடமோ கேட்டு வா’ என்று சொல்லலாம். கிழக்கிந்தியக் கம்பெனியின் துணிகளை வெளுத்த வண்ணார்கள் வாழ்ந்த இடம் என்ற செய்தி சிலருக்குக் கிடைக்கும், சிலருக்கு வேறு கதைகள் கிடைக்கும், அவையும் வரட்டும். எழுதத் தடுமாறும் பிள்ளை ஒரு படம் வரைந்து இரண்டு சொற்களை எழுதி, மீதியை வாயால் சொல்லும். நடுநிலைப் பிள்ளை மூன்று வாக்கியம் எழுதும். நன்றாக எழுதும் பிள்ளை, சொன்னவர் பேசியபடியே ஒரு முறையும் எழுத்துத் தமிழில் ஒரு முறையும் எழுதி வரும். வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசும் பிள்ளை தன் மொழியில் கேட்ட சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொண்டுவரலாம். எழுத்துகள் இடம் மாறித் தெரியும் பிள்ளைக்கும் பார்வைக் குறை உள்ள பிள்ளைக்கும் வாய்மொழி விடையே முழு விடை. வீட்டுப்பாடத்தில் குடும்பத்தின் வருமானம், கடன், வாடகை ஆகியவற்றைத் தொடும் எதையும் கேட்கக் கூடாது. ஒரு கூறு நெத்திலி என்ன விலை என்று கேட்கலாம். அப்பா இன்று எவ்வளவு கொண்டுவந்தார் என்று கேட்கக் கூடாது.

பெற்றோருக்கு ஒரே ஒரு வேலை கொடுங்கள்: பிள்ளை செய்ததைச் சொல்லக் கேட்பது. அதற்கு எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. கையொப்பம் கேட்பதை நான் நிறுத்திவிட்டேன். கைநாட்டு வைக்கக் கூசும் ஓர் அம்மாவைப் பிள்ளையின் முன் நிறுத்துவதால் யாருக்கும் பயனில்லை.

மறுநாள் காலையில் முதல் பத்து நிமிடத்தை இதற்கு ஒதுக்க முடியாவிட்டால், முதல் நாள் வீட்டுப்பாடமே கொடுக்க வேண்டாம். கொண்டுவந்த வேலை அன்றைய பாடத்துக்குள் நுழையும்போதுதான் பிள்ளை அதை வேலையாக மதிக்கும். நோட்டு மேசையில் அடுக்கப்பட்டு மூன்று நாள் கழித்துச் சிவப்பு மையில் ஒரு சரிக்குறியோடு திரும்பினால், அது அஞ்சல் வேலைதான். வேறு வேறு வழியில் செய்த இருவரை அருகருகே உட்காரவைத்து ஒருவருக்கொருவர் விளக்கச் சொல்லிவிட்டு, அதற்குள் ஆசிரியர் நோட்டுகளைப் புரட்டிவிடலாம். 35 நோட்டுகளிலும் எல்லாப் பிழைகளையும் திருத்த வேண்டியதில்லை. அன்று குறித்துவைத்த ஒரே கற்றல் விளைவை மட்டும் பார்த்து, தானாகச் செய்தவை, ஒரு சொல் உதவி தேவைப்படுபவை, மறுபடி கற்பிக்க வேண்டியவை என மூன்று அடுக்காகப் பிரித்தால் அன்றைய வகுப்புக்கான திட்டம் கையில் வந்துவிடும். மூன்றாம் அடுக்கு பாதி வகுப்பைத் தாண்டினால் பிழை கேள்வியில் இருக்கிறது.

செய்யாமல் வந்த பிள்ளையை எழுப்பி நிறுத்த வேண்டாம். காலை வழிபாட்டுக்கு முன் ஐந்து நிமிடம் அருகில் உட்காரவைத்து, அதே கேள்வியின் முதல் படியை மட்டும் செய்யச் சொல்லிப் பாருங்கள். செய்துவிட்டால் தடை வீட்டில் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு மாலையில் வீட்டுக்குக் கிளம்புமுன் வகுப்பிலேயே பத்து நிமிடம் ஒதுக்கித் தரலாம். செய்ய முடியாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு ஒரு படி கீழிருந்து தொடங்கும் கேள்வி தேவை என்று பொருள். அன்று மாலைக்கான கேள்வியை அங்கிருந்தே எழுதத் தொடங்குங்கள்.