களப்புத் தண்ணீர் நிறம் மாறினால்: விடியுமுன் எடுக்க வேண்டிய அளவுகள்

திருகோணமலையின் தம்பலகாமக் குடாவில் மீன் செத்து மிதக்கிறது என்று கேட்டு, நீரில் கரைந்த ஒட்சிசனை அளக்கும் மீற்றரோடு பத்து மணிக்குப் போய்ப் பயனில்லை. வெயில் ஏறியதும் பாசி ஒட்சிசனை விடத் தொடங்கிவிடும். மீற்றரும் நல்ல எண்ணையே காட்டும். இரவு முழுக்கப் பாசி மூச்சுவிட்டு ஒட்சிசனைத் தீர்ப்பதால் அது அடிமட்டத்துக்கு இறங்குவது விடியலை ஒட்டித்தான். ஐந்தரைக்குள் வள்ளம் அந்த இடத்தில் நிற்க வேண்டும். அதே இடத்தில் பின்னேரம் 2 மணிக்கும் ஒருமுறை அளவெடுங்கள்.

30 பாகை வெப்பத்தில் கடல்நீர் லீற்றருக்கு ஏறத்தாழ 6 மி.கி. ஒட்சிசனைத்தான் பிடிக்கும். மீற்றர் பின்னேரம் 9, 10 மி.கி. காட்டி விடியலில் 3க்குக் கீழே போனால் பாசி பெருத்துவிட்டது என்று கொள்ளலாம். 2க்குக் கீழே போனால் தப்பி ஓட முடியாத நண்டும் மட்டியும்கூடச் சாகலாம். மீற்றரில் உப்பளவைப் பூச்சியத்தில் விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. அப்படி விட்டால் கடல்நீரில் உள்ளதைவிட ஒன்றுக்கு மேல் கூட்டிக் காட்டும். மீற்றரின் அளக்கும் முனையை மூடும் சவ்வுக்குள் காற்றுக்குமிழி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மேல்நீர் மட்டும் போதாது. மாரியில் மகாவலி வெள்ளம் கொட்டியாரக்குடாவில் உப்புநீருக்கு மேல் மூடிபோலப் படுக்கும். காற்றிலுள்ள ஒட்சிசன் கீழே இறங்காது. மேற்பரப்பிலிருந்து 30 செ.மீ. ஆழத்திலும், அடியிலிருந்து அரை மீற்றர் மேலேயும் உப்பு, வெப்பம், ஒட்சிசன் மூன்றையும் எடுங்கள். கிண்ணியாப் பாலத்தடி, குடாவின் நடு, வயல் வடிச்சல் வந்து விழும் வாய் ஆகிய மூன்று இடங்களாவது வேண்டும். பசளை கரைந்த வயல்நீர் வந்து சேர்ந்தபின் காற்றில்லாத வெயில் நாட்கள் தொடர்ந்தால், அந்த நாட்களில் விடாமல் போக வேண்டும்.

தெளிவைப் பார்க்க 20 செ.மீ. விட்டமுள்ள வெள்ளைத் தட்டு ஒன்றின் கீழ் ஒரு கிலோ பாரம் கட்டி, வள்ளத்தின் நிழல் பக்கம் இறக்குங்கள். மறையும் ஆழம், திரும்பத் தெரியும் ஆழம் இரண்டின் சராசரிதான் அளவு. நைலோன் கயிறு நனைந்தால் நீளும். ஊறவைத்த பிறகே 10 செ.மீ.க்கு ஒரு முடிச்சுப் போடுங்கள்.

கலங்கல் சேறா, பாசியா? கண்ணாடிப் போத்தலில் நீரை நிரப்பி ஒரு மணித்தியாலம் அசைக்காமல் வையுங்கள். சேற்றில் பெரும்பங்கு அடியில் படியும். நீலப்பச்சைப் பாசி கழுத்தருகே வளையமாக ஏறிநிற்கும். மரத்தூள் மாதிரியும் மிதக்கும். நீர் நடுவிலும் நிறம் பிடித்தபடியே நின்றால் நுணுக்குக்காட்டி தேவை.

நுணுக்குக்காட்டியில் பார்க்கும்வரை மாதிரி கெடாமல் இருக்க 10 கிராம் அயடீன், 20 கிராம் பொற்றாசியம் அயடைட்டு, 200 மி.லீ. காய்ச்சி வடித்த நீர், 20 மி.லீ. அசற்றிக் அமிலம் சேர்ந்த கரைசல் வேண்டும். அயடைட்டை முதலில் கொஞ்ச நீரில் கரையுங்கள். வெறும் நீரில் அயடீன் கரையாது. 100 மி.லீ. மாதிரிக்கு அரை மி.லீ. விட்டால் வெளிறிய தேத்தண்ணி நிறம் வரும், அது போதும். உறையவைத்தால் பாசிக் கலங்கள் உடைந்துவிடும். இன்னொரு போத்தலில் கரைசல் விடாத உயிருள்ள மாதிரியை நிழலில் கொண்டுபோய் அன்றைக்கே பாருங்கள்.

நிறம் மாறிய நீரில் எடுத்த மட்டியை யாரும் சமைக்க வேண்டாம் என்று கரையில் உடனே சொல்லுங்கள். நரம்பைத் தாக்கும் பாசி நஞ்சு கொதிக்கவைத்தாலும் அழியாது. வாய், உதடு விறைத்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

போத்தல் துண்டில் இடம், திகதி, நேரம், ஆழம் நான்கையும் பென்சிலால் எழுதுங்கள். பேனை மை உப்புநீரில் கரைந்தோடிவிடும்.