சாண்டியாகோ – புவெனஸ் ஐரிஸ்: டிக்கெட்டில் தெரியும் நேரத்தை நம்பிவிடாதீர்கள்

சிலியின் சாண்டியாகோவுக்கும் அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸுக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறக்குறைய 1,140 கி.மீ. நேரடி விமானத்தில் சுமார் 2 மணி நேரம். மேற்கிலிருந்து வீசும் காற்று தள்ளிக்கொண்டு போவதால் கிழக்கே போகும் பயணம் சீக்கிரம் முடியும். திரும்பும்போது அதே காற்று எதிர்ப்பதால் கூடுதல் நேரம் பிடிக்கும்.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊரின் நேரம். ஏப்ரல் முதல் செப்டம்பர் தொடக்கம் வரை சிலி ஒரு மணி நேரம் பின்தங்கியிருக்கும். அப்போது காலை 10 மணிக்குச் சாண்டியாகோவில் கிளம்பினால், புவெனஸ் ஐரிஸில் இறங்கும்போது மணி 1 ஆகியிருக்கும். மற்ற மாதங்களில் இரண்டு ஊருக்கும் ஒரே நேரம்தான். இணைப்பு விமானம் பிடிப்பவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள்.

புவெனஸ் ஐரிஸின் எந்த விமான நிலையம் என்றும் பாருங்கள். ஏரோபார்க்கே நகருக்குள்ளேயே, ஆற்றங்கரையில் இருக்கிறது. எசெய்சா நகர மையத்திலிருந்து சுமார் 30 கி.மீ. தள்ளி. ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏறுவதானால் சில மணி நேர இடைவெளி வேண்டும்.

பகலில் சாண்டியாகோவிலிருந்து கிளம்பினால் இடப்பக்க ஜன்னல் இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். வானம் தெளிவாக இருந்தால் ஆண்டிஸ் மலையின் 6,961 மீட்டர் உயர அக்கோன்காகுவா பனி போர்த்தி நிற்பதைக் காணலாம். கிளம்பிய சில நிமிடங்களிலேயே வந்துவிடும், கேமராவைத் தயாராக வைத்திருங்கள்.